எந்தக் கடல்?

ரெண்டு நிலங்களுக்கு நடுவில் ஒரு சின்னக் கடல் கிடந்தது. அதன் அடியில் ஒரு சிப்பி குடியிருந்தது. அந்த ரெண்டு நிலமும் சும்மா கிடந்திருந்தால் அதுவும் நிம்மதியாக இருந்திருக்கும்.

“கொஞ்சம் தள்ளிக்கோயேன்” என்று தெற்கு நிலம் வடக்கை நெருக்கிக்கொண்டே வந்தது.

“நான் எதுக்குத் தள்ளணும்? வந்து முட்டுறது நீ” என்றது வடக்கு.

“ஐயா சாமிகளா, நடுவுல நான் ஒருத்தி இருக்கேன்ல? கடல் குறுகிக்கிட்டே வருது!” என்று சிப்பி கத்தியது.

“முதல்ல அவனை நிறுத்தச் சொல்லு” என்றது வடக்கு.

“அவன் வழிவிட்டா நான் ஏன் முட்டப்போறேன்?” என்றது தெற்கு.

“உங்களோட மாரடிச்சே என் ஓடு தேயுது!”

யுகம் யுகமாக இதே பேச்சுதான். முட்டின முட்டில் தண்ணீரெல்லாம் எங்கேயோ வழிந்து போனது. கடலின் தரை மடிந்து, மடிந்தது மேலே எழும்பி, மலையாகிவிட்டது. பனி மூடிய உச்சியில் சிப்பி கல்லுக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தது.

“மலை என்னுது!” என்றது தெற்கு. “நான் முட்டலைன்னா மலை ஏது?”

“நான் அசையாம நின்னதாலதான் மலை. என்னுது!” என்றது வடக்கு.

“எவனாவது வெச்சுக்கிட்டுப் போங்க. என் கடல் எங்கே?” என்று உச்சியிலிருந்து சிப்பி கேட்டது.

ரெண்டும் சண்டையை நிறுத்திவிட்டு மேலே பார்த்தன. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரே குரலில் பேசின.

“எந்தக் கடல்?”