கூந்தல் தைலமும் ஐந்து ஊர்களும்

அணையில் மூழ்கப்போகும் ஐந்து ஊர்களின் பெயரோடு, ஆட்சேபம் சொல்ல முப்பது நாள் கெடு வைத்து, கனம் கலெக்டர் துரையவர்களின் நோட்டீஸ் பத்திரிகைக்கு வந்திருந்தது. பக்கத்துப் பத்தியில் கூந்தல் தைல விளம்பரம். படத்துப் பெண்ணின் கூந்தல் தாள் முழுக்கப் புரண்டதில் நோட்டீஸுக்கு இடம் போதவில்லை.

"தைலக்காரன் ஒரு மயிரைக்கூட வெட்டவிட மாட்டான். ஊர்ப் பேரையெல்லாம் எடுத்துடு. எந்த ஊருன்னு சர்க்காருக்குத் தெரியாதா?" என்றார் முதலாளி.

அச்சுக்கோக்கும் மாசிலாமணி தயங்கினான். "மூணாவது எங்க ஊருங்க."

"அப்ப உனக்குச் சேதி கிடைச்சாச்சு. போய்ச் சொல்லிடேன்."

"நாளைக்கே லீவு குடுங்கய்யா."

"தீபாவளி விளம்பரம் குவிஞ்சு கிடக்குடா. இன்னும் நாப்பது நாள்தானே, முடிச்சுட்டுப் போ."

மாசிலாமணி தன் ஊரை எழுத்தெழுத்தாகப் பிடுங்கிப் பெட்டியில் போட்டான். சட்டப்படி இருந்தே தீர வேண்டிய கடைசி வரியை மட்டும் தொடவில்லை: 'மேற்படி ஊரார் யாவரும் இதை அறிந்தவர்களாகவே கருதப்படுவார்கள்.'