துப்பாமல் போனவன்

"அடடா, கோழி என்ன கொழுகொழுன்னு இருக்கு!" என்றான் அவ்ராம். சொன்னவன் துப்பவில்லை.

செனோவியா அதைக் கவனித்தாள். எதையாவது மெச்சினால், கண் படாமலிருக்க மூன்று முறை துப்ப வேண்டும். ஊரில் கைக்குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது.

அவன் கையில் ஒரு பெட்டி. உள்ளே பதினைந்து குஞ்சுகள்.

"உங்க அடைமுட்டையெல்லாம் கூமுட்டையாயிடுச்சாமே. இதுகளை வச்சுக்குங்கக்கா. காசு வேணாம்."

"திடீர்னு என்ன கரிசனம்?"

"உங்க வாயை மூட வேற வழி தெரியல."

போன ஈஸ்டருக்கு அவனிடம் வாங்கிய குஞ்சுகளை இதே கோழியின் இறக்கைக்குள் விட்டிருந்தாள். இரண்டு வாரத்தில் இரத்தமாகக் கழிந்து அத்தனையும் செத்தன. கோழி மட்டும் ஒன்றும் ஆகாமல் கல்லு போல உட்கார்ந்திருந்தது. "நோய்க் குஞ்சை என் தலையில கட்டிட்டான்" என்று அவள் சந்தையெல்லாம் சொன்னதில் அவன் வியாபாரம் படுத்துவிட்டது.

குஞ்சுகளை வாங்கிக்கொண்டாள். ஆனால் கோழியிடம் விடவில்லை. அடுப்படியில் பெட்டியிலேயே வைத்து, அவித்த முட்டையும் சோளக்களியும் போட்டாள். தினமும் ஒவ்வொன்றாகத் தூக்கி வால் பக்கம் பார்த்தாள். எல்லாம் சுத்தம். சந்தேகம் இன்னும் கூடியது.

ஐந்தாம் நாள் குஞ்சுகளின் எச்சத்தை ஒரு புட்டியிலும், ஒப்பிட்டுப் பார்க்கக் கோழியின் எச்சத்தை இன்னொன்றிலும் எடுத்துப் பெயர் எழுதி ஒட்டினாள். போகிற வழியில் அவ்ராமின் கதவைத் தட்டினாள்.

"கிளம்பு, டவுனுக்கு. கால்நடை டாக்டர் சொல்றத உன் காதால கேளு. நோய்னு சொல்லிட்டார்னா இனி சந்தைப் பக்கமே நீ வரக் கூடாது."

"ஒண்ணுமில்லன்னா?"

"சந்தை நடுவுல நின்னு உன்கிட்ட மன்னிப்புக் கேக்குறேன். போதுமா?"

டாக்டர் நுண்ணோக்கியில் வைத்த கண்ணை எடுக்க வெகுநேரம் ஆனது.

"ஒண்ணு சுத்தம்மா. இன்னொண்ணுல இரத்தக் கழிச்சல் கிருமி நெறைய இருக்கு."

"கேட்டியாடா?" என்று அவ்ராமின் பக்கம் திரும்பினாள். அவன் முகம் வெளுத்தது.

"வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியாது" என்றார் டாக்டர். "நல்லாத் தின்னும், நல்லா நடமாடும்."

"அதேதான் டாக்டர்! வீட்டுல துள்ளிக் குதிக்குதுங்க, திருட்டுச் சனியனுங்க! போன வருஷம் என் குஞ்சுகளைக் கொன்னதும் இதே நோய்தானே?"

"சந்தேகமே இல்ல."

"எழுதிக் குடுங்க. சந்தையில படிச்சுக் காட்டணும்."

டாக்டர் பேனாவை எடுத்தார். கிருமி இருந்த புட்டியைத் திருப்பி அவள் கையெழுத்தைப் படித்தார்.

"இது உங்க கோழியோடதுதானே?"