உப்புக் காற்று

"இந்த டெல்மோரா கம்பெனிக்காரன் மட்டும் என் கையில கிடைச்சான்..." என்று ரவிச்சந்திரன் ஆரம்பித்ததுமே டிரம்ஸ் துரை காதைப் பொத்திக்கொண்டான்.

"கிடைச்சா இன்னா பண்ணுவ அண்ணாத்த?"

"ஒரு நாள் பூரா இந்தக் கிதாரை அவனையே வாசிக்க வைப்பேன். அதைவிடப் பெரிய தண்டனை எதுவும் இல்ல."

செங்கல்பட்டில் ஒரு சைக்கிள் கடை மாடியில் அந்த இன்னிசைக் குழுவின் ஒத்திகை. ரவிச்சந்திரனுக்குக் கல்பாக்கத்தில் வேலை, நல்ல சம்பளம். காலேஜ் நாளில் வாங்கிய முதல் எலெக்ட்ரிக் கிதாரிலிருந்து இப்போது கையில் இருக்கும் சிவப்புக் கிதார் வரை எல்லாமே டெல்மோராதான். வேறு கம்பெனியைத் தொடவும் மாட்டார், டெல்மோராவைத் திட்டாமல் இருக்கவும் மாட்டார்.

"முன்னெல்லாம் இந்தத் திருகாணி இரும்புல வரும். இப்ப பிளாஸ்டிக்! தொட்டா கையோட வருது. பெயிண்ட் பாரு, ரஸ்க் மாதிரி உதிருது."

"அப்ப வேற வாங்குங்கண்ணே" என்றான் பரணிதரன். குழுவை நடத்துபவன். கீபோர்டும் அவன்தான்.

"வேறயா? இந்தச் சத்தம் வேற எதுல வரும்?"

திருகாணி, பெயிண்ட் எல்லாம் சின்னக் குறைகள். பெரிய குறை ஒன்று இருந்தது. ஒவ்வொரு கச்சேரியிலும் அதைச் சொல்வார்.

"உப்புக் காத்துல கிதாரோட நெக் வளைஞ்சுபோச்சுப்பா. கம்பியை முழுசா ஏத்தினா நிக்க மாட்டேங்குது. எல்லாரும் அரைக் கட்டை கீழ வாங்க."

பரணி பல்லைக் கடித்துக்கொண்டு கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டி, சுருதியை இறக்குவான்.

"கல்பாக்கத்துல உப்புக் காத்து, சரி. செங்கல்பட்டுல இன்னா காத்துண்ணே?" என்று துரை கேட்டால், டெல்மோராவுக்குத்தான் இன்னும் நாலு திட்டு விழும்.

ஆனால் போன வாரம் கோவளத்தில் மாதா கோயில் திருவிழாவில், கமிட்டிக்காரர் மேடைக்குப் பின்னாலேயே வந்துவிட்டார்.

"இன்னா தம்பி, கேசட்ல கேட்ட பாட்டு மாதிரியே இல்ல? பேட்டரி வீக்கான டேப் ரெக்கார்டர் மாதிரி இறங்கிப் போயி கீது?"

இன்று பரணி பேசிவிட்டான்.

"அண்ணே, அடுத்தது மாமல்லபுரம். பெரிய மேடை. அதுக்குள்ள நல்ல கிதாரா வாங்கிடுங்க. இல்லேன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

ரவிச்சந்திரன் கிதாரை மெதுவாகச் சுவரில் சாய்த்தார். ஏதோ சொல்ல வந்தவர், "டீ வாங்கியாறேன்" என்று பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

"கவர்மெண்டு சம்பளம். ஒரு கிதார் வாங்க மனசு வரல, கஞ்சம்" என்றான் துரை.

பரணி அந்தச் சிவப்புக் கிதாரை எடுத்தான். கம்பிகளை ஒவ்வொன்றாக முழுச் சுருதிக்கு முறுக்கினான். அறுந்துவிடும் என்று துரை இரண்டடி தள்ளி நின்றான். அறுபடவில்லை. பரணி வாசித்துப் பார்த்தான். இழுத்துப் பார்த்தான். சுருதி இம்மிகூட அசையவில்லை.

"நைனா, சோக்கா கீது!"

"அப்ப ரெண்டு வருஷமா நம்மள முட்டாளாக்கிக்கினு இருந்திருக்காரு. வரட்டும். இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்."

வந்தது லோகநாயகி. குழுவின் பாடகி.

"ஆரம்பிக்கலாமா பரணி?"

"இன்னைக்கு ஒரிஜினல் சுருதிலயே பாடுங்கக்கா!"

பல்லவி நன்றாகத்தான் போனது. சரணத்தில் மேலே போகிற இடத்தில் குரல் உடைந்தது. லோகநாயகி இருமிவிட்டு மறுபடி பாடினாள். அதே இடத்தில் மறுபடி உடைந்தது. மூன்றாம் முறை குரலே வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது.

"போன வாரம் கோவளத்துலகூட நல்லாத்தானே வந்துது..." புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "போச்சுப்பா. டாக்டர் அன்னிக்கே சொன்னாரு. நீ மாமல்லபுரத்துக்கு வேற யாரையாச்சும் பாத்துக்க பரணி. இது இல்லாம நான் எப்படி இருக்கப் போறேன்னுதான் தெரியல."

பரணிக்கு இரண்டு வருஷத்துக்கு முந்தைய திருப்போரூர் கச்சேரி ஞாபகம் வந்தது. தொண்டையில் ஆபரேஷன் ஆகி, லோகநாயகி திரும்பி வந்த முதல் மேடை. "அக்காவுக்குக் குரல் ஏறலேன்னா வேற பொண்ணைப் பாத்துட வேண்டியதுதான்" என்று மேடைக்குப் பின்னால் அவன்தான் சொன்னான். பக்கத்தில் உட்கார்ந்து கம்பி மாட்டிக்கொண்டிருந்தார் ரவிச்சந்திரன்.

அன்று இரவுதான் டெல்மோராவின் நெக் முதல்முறையாக வளைந்தது.

பரணி நிமிர்ந்தான். வாசலில் பிளாஸ்க்கோடு ரவிச்சந்திரன் நின்றிருந்தார். அவனையும் அவன் கையிலிருந்த கிதாரையும் மாறி மாறிப் பார்த்தார். வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையசைத்தார்.

பரணி ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தினான். கீபோர்டில் அந்தப் பட்டனைத் தட்டினான்.

"உங்க தொண்டைக்கு ஒண்ணும் இல்லக்கா. எல்லாம் இந்த டெல்மோராக்காரன் பண்ற வேலை. ஏத்தினா தாறுமாறா நிக்குது. மாமல்லபுரத்துலயும் நாமதான் அரைக் கட்டை கீழ போவணும், வேற வழியில்ல."

"இன்னாண்ணே இது!" துரை பதறினான். "இப்பதான சோக்கா இருந்துச்சு?"

"உப்புக் காத்துடா."

"செங்கல்பட்டுல ஏதுண்ணே உப்புக் காத்து?"

பரணி ரவிச்சந்திரனைப் பார்த்தபடியே சொன்னான்.

"அடிக்குதுடா. எனக்குத்தான் இவ்ளோ நாளா தெரியல."