கொத்தமல்லி டொக்டர்

அக்கா ஊற்றிக் கொடுக்கும் தேத்தண்ணியைத் திலக்ஷன் தொடுவதில்லை. டோஹாவிலிருந்து லீவில் வந்து ஒரு கிழமையாகிறது. வெள்ளவத்தை ஃபிளாட்டில் அவனுக்கு வைத்த கோப்பையெல்லாம் ஆறி, சிங்கில் கொட்டுப்பட்டது.

"உங்கட கையால என்ர மனுசி குடிச்சதே காணும், எனக்கு வேண்டாம்," என்று வந்த அன்றே சொல்லிவிட்டான்.

அக்கா சுபோதினி ஆறிய கோப்பையை எடுத்துக் கழுவினாள். அடுத்த நாளும் கோப்பையை வைத்தாள்.

சொந்தத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். அவன் மனைவி துஷாந்தினி பிள்ளை வயிற்றில் இருக்கும்போது காய்ச்சலில் கிடந்தாள். கூட இருந்த சுபோதினி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாளாம். சுபோதினியே சொன்னது. கிருமி பரவி, ஏழாம் மாதமே பிள்ளை பிறந்துவிட்டது. மகளுக்கு இப்போது இரண்டு வயது. பிடித்துக்கொண்டு நிற்பாள், நடக்கமாட்டாள். "ம்மா" என்பதைத் தவிர வேறு சொல் இல்லை.

"எங்கட கொத்தமல்லி டொக்டர் எப்பிடி?" என்று சொந்தக்காரர் ஃபோனில் கேட்டுச் சிரிப்பார்கள்.

கொட்டாஞ்சேனையில் பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்க்கும் டொக்டரிடம் துஷாந்தினியோடு போகும்போது அக்கா வரவேண்டாம் என்றான். மகள் அக்காவின் இடுப்பை விட்டு இறங்கினால்தானே? அவளும் வந்தாள்.

டொக்டர் பிள்ளையை மேசையைப் பிடித்து நிற்கவைத்துப் பார்த்தார்.

"வயித்தில இருக்கேக்க தாய்க்குக் காய்ச்சல் ஏதும்?"

"அக்காவைக் கேளுங்கோ டொக்டர். அவதான் வைத்தியம் பாத்தவ," என்றான் திலக்ஷன்.

"நடுக்கம் இருந்ததோ? சலம் போகேக்க எரிவு?"

"எரிவோ..." சுபோதினி விழித்தாள். "இல்லைப் போல. காய்ச்சல் மட்டும்தான்."

"போல எண்டால் சரிவராது அம்மா. பிள்ளைக்கு இனி என்னென்ன பாக்கவேணும் எண்டு முடிவெடுக்க எனக்குச் சரியான விவரம் வேணும்."

சுபோதினி குனிந்து, இறுக்கமாக இருந்த பிள்ளையின் சப்பாத்து நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"எரிவு இருந்தது டொக்டர்," என்றாள் துஷாந்தினி. "நடுக்கமும். ரெண்டு பனடோலைப் போட்டிட்டு டியூஷன் கிளாசுக்குப் போவன். அத்தனை பெடியளுக்கும் ஒரே ஒரு டொய்லெட். பின்னேரம் வரைக்கும் அடக்கிக்கொண்டு நிண்டு படிப்பிப்பன்."

திலக்ஷன் திரும்பினான். "கிளாசை விட்டிட்டன் எண்டெல்லோ எனக்குச் சொன்னனீர்?"

"பொய். ஏ.எல். சோதினை கிட்ட வந்திட்டுது. பெடியள் வேற இடத்துக்குப் போயிடுவாங்கள் எண்டு பயம். அக்காவுக்கும் காய்ச்சலைக் காட்டேல்ல. தண்ணிக்குடம் உடைஞ்சாப் பிறகுதான் அவவுக்கே தெரியும்."

"அப்ப கொத்தமல்லி?"

"எனக்கு ஒருத்தரும் கொத்தமல்லி தரேல்லை."

டொக்டர் பேனையை வைத்தார். "சலத்தில கிருமி இருந்திருக்கும். அதாலதான் எல்லாம் எண்டு நானே அறுதியாச் சொல்லமாட்டன். இப்ப காதைச் சோதிப்பம். காலுக்குப் பயிற்சி தொடங்குவம். சண்டையை வீட்டில வைச்சுக்கொள்ளுங்கோ."

பஸ் ஹோல்ட்டில் துஷாந்தினி சற்றுத் தள்ளி நின்றாள். திலக்ஷன் அக்காவின் பக்கத்தில் போய் நின்றான்.

"ஏனக்கா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

சுபோதினி பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"இவள் பிறந்த அண்டைக்கு நீ ஃபோனில கத்தின கத்துக்கு, ஆரையாவது ஒதுக்காமல் விட்டிருக்கமாட்டாய். அவளை ஒதுக்கியிருந்தா இந்தப் பிள்ளைக்குத் தாயும் தகப்பனும் ஒரு வீட்டில இல்லை. என்னை ஒதுக்கினதில ஒரு கோப்பைத் தேத்தண்ணிதானே தம்பி ஆறினது."