பெரியாத்தா

விசில் ஊதியதும் அரங்கத்தில் பேச்சு அடங்கியது. பெனால்ட்டி.

அடிக்கப் போகிறவன் கிள்ளான் அணியின் சோமு. தடுக்க நிற்கிறவன் பிரிக்ஃபீல்ட்ஸ் அணியின் கோல்கீப்பர் முத்துக்கருப்பன். பிரிக்ஃபீல்ட்ஸுக்கு டிரா போதும்; கிள்ளானுக்குக் கோல் வேண்டும். முந்துகிற அணி பாங்காக் போகும். அங்கே தேறினால் உலகப் போட்டி.

பனியே பார்க்காத மலேசியாவில், ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் மாடியில், பூட்ஸுக்கு அடியில் சக்கரம் வைத்து ஐஸ் ஹாக்கியை விற்றது தொண்ணூறுகள். நம் பிள்ளைகளும் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டார்கள்.

மூன்றாம் வரிசையில் இரண்டு ஓரகத்திகள். மூத்தவள் நாச்சம்மை, சோமுவின் தாய். இளையவள் கோமதி, முத்துக்கருப்பனின் தாய். நடுவில் ஒரு முறுக்கு டப்பா. யாரும் தொடவில்லை.

கோமதி பத்துமலை முருகனுக்குப் பால்குடம் நேர்ந்து முடித்துவிட்டாள்.

நாச்சம்மை கிள்ளானில் ஜவுளிக்கடைக் கல்லாவில் உட்காருகிறவள். அவளிடம் விலை குறைக்க வந்தவர்கள் இன்னொரு சேலையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போவார்கள். அப்பேர்ப்பட்டவளுக்கு முருகனிடம் எதைக் கேட்பதென்று தெரியவில்லை.

பின்வரிசையில் ஒரு அங்கிள் பக்கத்திலிருந்தவரைத் தட்டிச் சிரித்தார். "பாரு பாலன், அடிக்கிறவனும் பீச்சாங்கை, தடுக்கிறவனும் பீச்சாங்கை! கண்ணாடி முன்னால ஆடற மாதிரி இருக்குலா!"

கோமதி திரும்பி முறைத்தாள்.

சோமு உருண்டு வந்தான். இடது பக்கம் சாய்ந்து ஓங்கி அடித்தான்.

பக் என்கிற அந்த வட்டு முத்துக்கருப்பனின் தொண்டையில் பட்டுத் தெறித்து, வலைக்குள் விழுந்தது.

கோல்.

கிள்ளான் பையன்கள் சோமுவைத் தூக்கினார்கள். முத்துக்கருப்பன் விழுந்த இடத்திலேயே கிடந்தான்.

"அய்யோ, என் புள்ள!" கோமதி படிக்கட்டில் ஓடினாள். முறுக்கு டப்பா உருண்டது.

நாச்சம்மை எழுந்திருக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"மகன் ஜெயிச்ச திமிரு. ஒரு எட்டு போய்ப் பாக்கக்கூட மனசில்ல" என்றார் அங்கிள், அவள் காதில் விழும்படியாக.

சோமு தடுப்புப் பலகை ஓரம் வந்து, "ஆத்தா, பாங்காக்!" என்று கத்தினான். அவள் அவனைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முத்துக்கருப்பன் மெல்ல எழுந்து உட்கார்ந்தான். முகமூடியைக் கழற்றினான்.

"ஒண்ணுமில்லாத்தா" என்றான், கோமதியிடம்.

மேலே மூன்றாம் வரிசையில், நாச்சம்மையின் நாக்கு வரை வந்த பதில் அங்கேயே நின்றது.

தத்துச் சடங்கில் கோமதியின் மடியில் உட்கார்ந்து மஞ்சள் நீர் குடித்த அன்றே அவன் கோமதியின் பிள்ளையாகிவிட்டான். பெற்றுக் கொடுத்தவள் அன்று முதல் பெரியாத்தா. பங்காளிகள் சாட்சியாகக் கொடுத்ததைத் திரும்பக் கேட்பது வியாபாரக் குடும்பத்துக்கு அழகல்ல.

அவன் நிமிர்ந்து அவளைத் தேடினான்.

"அண்ணன் ஜெயிச்சிருக்கு, சிரிங்க பெரியாத்தா!"

கல்லாவில் கொடுத்து வாங்க வலது கைக்கு மாறிப் பழகிய நாச்சம்மை, இடது கையைத் தூக்கி அசைத்தாள்.