வாசல் இறால்

"இவ்வளவு மொத்தமாப் போடறோமே, பார்த்துக் குறைச்சுக்கக் கூடாதா, சிஸ்டர்?"

ஹோட்டல் முதலாளி அலர்ஜி டெஸ்ட்டுக்கும் பேரம் பேசினார். பக்கத்து நாற்காலியில் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார் அவருடைய இறால் மாஸ்டர்.

"இது காய்கறிக் கடை இல்லீங்க," என்றார் நர்ஸ். "டாக்டர் இறால் ஒண்ணுக்குத்தான் எழுதியிருக்கார். அது போதும்."

"போதாது. நண்டு, மீன், முட்டை, கோதுமை, கடலை... என் கிச்சனுக்குள்ள வர்ற எல்லாத்தையும் போடுங்க. இந்த ஆளுக்கு எதெது ஆகாதுன்னு எனக்கு ஒரே தடவையில தெரியணும்."

மாஸ்டர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

கொஞ்ச நாளாகவே இறால் அடுப்புப் பக்கம் போனால் அவருக்கு உதடு தடிக்கும், மூச்சு இழுக்கும். தூசி, குளிர், நெடி என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிச் சமாளித்தார். முந்தாநாள் கரண்டியும் கையுமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை முதலாளி பார்த்துவிட்டார். "ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்று மட்டும் சொன்னார்.

கல்லாவில் இருப்பவர்தான் காதோடு காதாகச் சொல்லிவைத்தார். "உங்களைச் சும்மா அனுப்பினா நாலு பேர் கேப்பாங்க. டாக்டர் சொன்னார்னு அனுப்பினா யாரு கேக்கறது? எச்சில் தட்டு கழுவி முதலாளி ஆனவரு. லாபம் இல்லாம காலை எடுத்து வைப்பாரா?"

சரிதான். ஹோட்டல் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு இறாலையும், ஓரத்தில் நண்டையும் மீனையும் வரைந்து வைத்திருக்கிறார். கூட்டம் வருவதே இறாலுக்காகத்தான். இறால் ஆகாத இறால் மாஸ்டரை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

"அலர்ஜிக்கு, சளிக்கு மாத்திரை எதுவும் போடலையே?" நர்ஸ் கேட்டார்.

"இல்லைங்க." கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது.

நர்ஸ் முன்கையில் பேனாவால் எண்கள் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சொட்டு வைத்து, ஊசி முனையால் லேசாகக் குத்தினார். "கால் மணி நேரம். சொறியாதீங்க. ஆகாதது இருந்தா கொசு கடிச்ச மாதிரி தடிக்கும்."

நேரம் முடிந்ததும் முதலாளிதான் முதலில் குனிந்து பார்த்தார். கை மொழுமொழுவென்று இருந்தது.

"நான்தான் சொன்னேனே, முதலாளி. வெறும் தூசி."

நர்ஸ் கடைசிச் சொட்டைத் தொட்டுக் காட்டினார். "இது சாப்பாடு இல்லை. டெஸ்ட் வேலை செய்யுதான்னு பார்க்க வைக்கிற மருந்து. யார் கையில வச்சாலும் தடிக்கணும். இதுவே தடிக்கலைன்னா மாத்திரை உள்ள இருக்குன்னு அர்த்தம்."

மாஸ்டர் சட்டைக் கையை இறக்கிவிடப் பார்த்தார்.

"மாத்திரை போட்டியான்னு கேக்கறாங்கல்ல?" என்றார் முதலாளி.

"நேத்து ஒண்ணு... காலையில ஒண்ணு."

"யோவ், தராசுல கட்டை விரலை வச்சு அமுக்கறவனை எல்லாம் பார்த்து வளர்ந்தவன் நான். என்கிட்டயேவா?" முதலாளிக்குக் காது சிவந்துவிட்டது. "ஒரு வாரத்துக்கு மாத்திரை கிடையாது. கடைப் பக்கமும் வராதே. வாசப்படி மிதிச்சே, மனுஷனா இருக்க மாட்டேன்."

"முதலாளி, பொண்ணு காலேஜு..."

"டெஸ்ட் முடியட்டும். அப்புறம் பேசு."

வீட்டில் மனைவி சமாதானம் சொல்லிப் பார்த்தாள். "விடுங்க, இந்த ஒரு கடைதானா உலகத்துல?"

"எந்தக் கடைக்குப் போனாலும், இறால் மாஸ்டரா, வாங்க, ஒரு கை வறுத்துக் காட்டுங்கன்னுதான் சொல்லுவான்."



வாரத்தின் நடுவில் மாஸ்டர் கல்லாக்காரருக்குப் போன் போட்டார். "என்னண்ணே, என்ன நிலவரம்?"

"என்னைக் கேக்காதீங்க. உங்ககிட்ட ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு உத்தரவு."

மறு வாரம் மருந்துச் சொட்டு ஒழுங்காகத் தடித்தது. இறால் அதைவிடப் பெரிதாகத் தடித்தது. நண்டும் சேர்ந்துகொண்டது. மற்ற இடமெல்லாம் சுத்தம்.

"இறால், நண்டு. அவ்வளவுதானே, டாக்டர்? இன்னொரு தடவை பார்த்துச் சொல்லுங்க," என்றார் முதலாளி.

"அவ்வளவுதான். ஆனா சாப்பிடாம இருந்தா மட்டும் பத்தாது. வேகற ஆவி பட்டாலே இவருக்கு இழுக்குது. அதுங்க இருக்கிற அடுப்படியில இவர் நிக்கவே கூடாது."

முதலாளி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மாஸ்டர் இருந்த பக்கம் திரும்பக்கூட இல்லை.

இனி அவர் வாயால் வேறு கேட்க வேண்டுமா? கடையில் கிடக்கும் தன் கத்தியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு கௌரவமாகப் போய்விடலாம் என்று மாஸ்டர் பஸ் பிடித்தார்.

ஹோட்டல் வாசலில் ஏணி. மேலே முன்பின் பார்த்திராத ஒரு பெயின்டர். ஆள் உயர இறால் இருந்த இடத்தில் வெறும் வெள்ளை.

"என்னண்ணே, கடை கை மாறுதா?"

"அதெல்லாம் இல்லீங்க. கடையில இனிமே இறாலே கிடையாதாம், போன வாரமே அழிக்கச் சொல்லிட்டாரு. டெஸ்ட் ஒண்ணு இருக்கு, முடியட்டும், வேற எதை எல்லாம் அழிக்கணும்னு சொல்றேன்னாரு." பெயின்டர் பிரஷ்ஷை வாளியில் முக்கி, ஓரத்தில் இருந்த நண்டின் மேல் ஒரு இழுப்பு இழுத்தார். "இப்பத்தான் போன் வந்துச்சு. இங்க யாரோ ஒரு மாஸ்டராம். அவருக்கு நண்டும் ஆகாதாம்."