முள் கட்டிய குழாய்

"இன்னிக்குக் காலையில இந்தக் குழாயைத் திறந்த கள்ளன் யாரு?"

மூப்பர் செம்பூயா போட்ட சத்தத்தில், ஆராதனை முடிந்து வெளியே வந்த கூட்டம் கோவில் வாசலிலேயே நின்றுவிட்டது. சுவரோரம் இருந்த கறுப்பு டேங்க்கின் குழாயில் அவர் கையாலேயே கட்டிய முள்கொத்து அவிழ்ந்து கிடந்தது. அடியில் மண் ஈரமாக இருந்தது. உகாண்டாவின் நகசொங்கோலாப் பக்கம் மழை பெய்து மாதக்கணக்காகிறது.

மனிதருக்கு இது சந்தோஷமான நாளாக இருந்திருக்க வேண்டியது. சற்று முன்புதான் அவருடைய பேரனுக்கு ஞானஸ்நானம் நடந்தது. போதகர் லுபேகா கல்தொட்டியிலிருந்து தண்ணீரை அள்ளி ஊற்றியபோது, தொட்டியின் அடியில் செதுக்கியிருந்த சிலுவை பளிச்சென்று தெரிந்தது. அதைப் பார்த்து மூப்பருக்குக் கண்கூடக் கலங்கியது. வீட்டில் விருந்துக்கு மத்தோகே வாழைக்காய் வெந்துகொண்டிருக்கிறது. இப்போது இந்தத் திருட்டு!

அந்த டேங்க் கடல் தாண்டி இருக்கும் தோழமைச் சபை கொடுத்தது. கோவில் கூரையில் விழும் மழையெல்லாம் அதில் வந்து சேரும். ஆணும் ஆணும் ஜோடியாக வந்து நின்றாலும் ஆசீர்வதிப்பேன், கருவைக் கலைப்பதா வேண்டாமா என்பது பெண்ணின் முடிவு என்று அந்தச் சபையின் பிஷப் பேசியது போன மாதம் ரேடியோவில் வந்தது. உகாண்டா பிஷப்மார்கள் கொதித்துப்போய், அவர்கள் உறவே வேண்டாம் என்றார்கள். செம்பூயா ஒரு படி மேலே போய், அவர்கள் டேங்க்கின் தண்ணீரும் வேண்டாம் என்று சபைக் கமிட்டியில் தீர்மானம் போடவைத்தார். அன்று முதல் ஊரே சதுப்புக் குட்டைக்கு நடந்து, செம்மண் கரைசலைச் சுமந்து வருகிறது.

"நான்தான் மாமா."

கூட்டம் விலகியது. மருமகள் நகிமேரா, ஈரத் தலையோடு தூங்கும் பிள்ளையை மார்போடு அணைத்தபடி மண்ணில் முழங்காலிட்டாள். "ஒரே ஒரு கேன்தான் எடுத்தேன்."

செம்பூயாவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. ஊருக்குச் சட்டம் போட்டவர் வீட்டிலேயே ஓட்டை. பின்வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள்.

"அதான் மூப்பர் வீட்டு டீ மட்டும் மணக்குதா!"

அவருக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. "எம் மானத்தை வாங்கிட்டியேம்மா! குட்டை வரைக்கும் நடக்க உனக்குக் கால் வலிச்சுதா?"

"குடிக்கிறதுக்கு எடுக்கல மாமா..." அவள் நிமிர்ந்து போதகரைப் பார்த்தாள். போதகர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடிச்சா என்ன, குளிச்சா என்ன? அந்தத் தண்ணி பட்டதெல்லாம் தீட்டு!"

அவள் தலை குனிந்தாள். கூட்டத்தில் பாதிப் பேருக்கு அவளைப் பார்க்க முடியவில்லை. அந்தக் குழாயைத் திறக்க அவர்களுக்கும் கை துறுதுறுத்த நாட்கள் உண்டு.

செம்பூயா விறுவிறுவென்று போய், கல்லறைக் குழி வெட்டும் கடப்பாரையைத் தூக்கி வந்தார். டேங்க்கை உடைத்தால்தான் தன் முகத்தில் பூசிய கரி போகும் என்று அவருக்குத் தோன்றியது. போதகர் ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"மூப்பரே, அந்த பிஷப் சொன்னது எனக்கும் ஒப்பல. ஆனா மழை நம்ம கூரையிலதானே விழுந்துச்சு?"

"டேங்க் யாரு குடுத்தது? இன்னிக்கு அவங்க தண்ணியக் குடிப்போம், நாளைக்கு அவங்க உபதேசத்தையும் சேர்த்துக் குடிப்போம்!"

"குட்டைத் தண்ணி குடிச்சு எம் புள்ளைக்கு ஒரு வாரமா வயித்தால போகுது," என்று முன்பு சிரித்த பெண்ணே இப்போது சீறினாள். "எந்த பிஷப்பு வந்து கழுவிவிடுறாரு?"

"வேதத்தவிட உனக்கு வயிறு பெரிசாப் போச்சா?" என்று நாலு பேர் அவள்மேல் பாய்ந்தார்கள். பதிலுக்கு வேறு நாலு பேர் அவர்கள்மேல் பாய்ந்தார்கள். ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பகிர்ந்து பாடியவர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்காத குறை.

"எம் வீட்டுல நடந்த தப்ப நானே சரிபண்றேன். வழிய விடுங்க பாஸ்டர்!" செம்பூயா கடப்பாரையை ஓங்கினார்.

போதகர் நகரவில்லை. "அவளத் திட்டாதீங்க. அந்த ஒரு கேனை நான்தான் எடுத்துட்டு வரச் சொன்னேன். இவ்வளவு பேர் முன்னால அவளை மண்டி போடவிட்டுட்டு வாயப் பொத்திக்கிட்டு நின்னேனே, எனக்கே வெக்கமா இருக்கு."

"நீங்களா?" கடப்பாரை அந்தரத்தில் நின்றது. "எதுக்கு?"

போதகர் குனிந்து, நகிமேராவின் மார்பில் தூங்கும் பிள்ளையின் ஈரத் தலையைப் பார்த்தார்.

"தீட்டுன்னா, உங்க பேரனுக்கு மறுபடியும் ஞானஸ்நானம் குடுத்துடவா, மூப்பரே?"